நான் பிடித்த நீர்மூழ்கி

எங்கள் டெஸ்ட்ராயர் போர்க்கப்பலுக்குப் பணி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்துப் பத்து வருஷம் கழித்துத்தான் அதற்குக் கிடைத்தது. அதன் சேவை வரலாற்றை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டு, அதில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கும் கூரியரில் வந்தது. அட்டையைப் பார்த்ததுமே அதை ஒளிக்க இடம் தேடினேன்.

காரணம் உண்டு. கார்கில் போர் சமயம் அரபிக்கடல் ரோந்தில் எதிரி நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தவன் நான் என்று, பெண் பார்க்கப் போன அன்றைக்கே அளந்துவிட்டிருந்தேன். கல்யாணமே அந்த நீர்மூழ்கியால்தான் கூடிவந்தது.

நடந்தது வேறு. பட்டப்பகலில் காவல் நின்ற நான், தண்ணீருக்கு மேல் பெரிஸ்கோப் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அலறினேன். மணி அடித்தது. சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஆளாளுக்கு ஓடினார்கள். கப்பலே திரும்பியது. கிட்டப் போனால், மீனவர்கள் வலைக்கு அடையாளமாக மிதக்கவிட்ட மூங்கில்! தூத்துக்குடிக்காரன் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பான். நான் வேலைக்குச் சேரும்வரை கடலையே பார்க்காதவன். அது போகட்டும், கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு மூங்கிலுமா தெரியாது!

புத்தகத்தை அரிசி மூட்டைக்குள் செருகினேன். ஞாயிற்றுக்கிழமை உலை வைக்கப்போன மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாங்க, கப்பல அரிசில முழுவ வச்சிக்கீறீங்க?"

கறிக்குழம்பு சாப்பிட வந்திருந்த அவள் தம்பி அதைப் பிடுங்கிக்கொண்டான். "நம்ம நீர்மூழ்கி எந்தப் பக்கத்துல கீது மாமா?"

நான் எலும்பைக் கடிக்காமலே விழுங்கப் பார்த்தேன். மச்சான் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தான்: போர்க்கால ரோந்தில் தவறான அபாயக்குரல் ஒன்று எழுந்தபோது, கப்பல் மிகக் குறைந்த நேரத்தில் சண்டைக்குத் தயாரானதாம். அந்த வேகத்தை அதன் சேவைக்காலம் முழுக்க அதுவே மிஞ்சவில்லையாம்.

என் பெயர் இல்லை. மூங்கிலும் இல்லை. தப்பித்தேன். பேசாமல் குழம்பை ஊற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு கப்பலின் ஆயுள் சாதனையே நான் போட்ட கூச்சல் என்றால், வாய் சும்மா இருக்குமா?

"அந்தக் குரல் நான்தான்டா!"

மார்தட்டிய வேகத்தில் மூங்கிலும் வெளியே வந்துவிட்டது.

மனைவிக்குச் சிரித்துப் புரையேறியது. "அப்ப எங்கப்பா மூங்கில நம்பியா பொண்ணு குட்த்தாரு?"

போன வாரம் மூவரும் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினோம். ஒரு வளைவில் மூங்கில் புதர் வந்ததும் மச்சான் எழுந்து கத்தினான்: "டிரைவர் அண்ணே, நிறுத்துங்க! நீர்மூழ்கி! பத்து இருவது கீது!"

மொத்தப் பஸ்ஸும் எட்டிப் பார்த்தது. சீட்டுக்கு அடியில் குனிந்தவன் நான் ஒருவன்தான்.