பங்களாத் தலையணையும் காத்தாயியின் கழுத்தும்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் வார்டு வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். முதல் நாளே டாக்டரையா ஒரு தலையணையைக் காட்டி, "கம்பெனி சாமான். கிழிச்சா நீதான் பதில் சொல்லணும்" என்றார். கிழிக்க அதில் என்ன இருந்தது? உள்ளே தேங்காய்த் தும்பு கட்டிகட்டியாகக் கிடந்தது. நடுவில் அமுக்கினேன். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. அமுக்கினால் எழும்பாத தலையணை செத்த தலையணை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

புதுத் தலையணை கேட்டேன். "லயத்துல சாக்க மடிச்சு வச்சுப் படுக்கிறதுகளுக்கு இது போதும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் தொழிலாளர் வரிசை வீடான அந்த லயத்தில் பிறந்தவள்தான்.

1. நான் செய்த பிழை

காத்தாயி கொழுந்து எடுப்பவள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரம் சுமந்து சுமந்து, கழுத்துப் பிடித்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். "திங்கக்கெழமை வேலைக்குப் போகலேன்னா பேர வெட்டிருவாங்களாம்" என்றாள். வேலைப் பதிவில் பேர் போனால், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

எப்படியாவது இவளை நன்றாகத் தூங்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு. தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் கழித்த தலையணைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அங்கே வழக்கம். அப்படி வந்த இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு அலமாரியில் இருந்தன. தொரை இரண்டு அடுக்கித்தானே படுக்கிறார், இவளும் படுக்கட்டும் என்று இரண்டையும் வைத்துவிட்டேன். மறுநாள் வலி கூடியது. அதற்கு மறுநாள் தலையைத் திருப்பவே முடியவில்லை.

"நாள் பூரா தலைய முன்னுக்குத் தள்ளித்தான் வேல செய்றேன். படுத்தாலும் அப்படியே தள்ளுதுக்கா" என்றாள்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. தொரையின் படுக்கையை அளவாக வைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம்.

2. கத்தரிக்கோல்

ஒரு தலையணையை எடுத்துவிட்டேன். மற்றதைப் பிரித்தேன். அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, முகம் நேரே கூரையைப் பார்க்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சை எடுத்தேன். பாதிப் பஞ்சு வெளியே வந்துவிட்டது. கழுத்துக்கு அடியில் வரும் பக்கத்தை மட்டும் சற்றுத் தடிப்பாக விட்டுத் தைத்தேன்.

சனிக்கிழமை பெரிய தொரை வார்டைப் பார்க்க வந்தார். மூலையில் கிடந்த பஞ்சு அவர் கண்ணில் பட்டது. அவருக்குத் தோட்டத் தமிழ் தெரியும்.

"யாரு வெட்டினது?"

"நான்தாங்க."

"பஞ்சு திரும்பப் போடு. மன்னிப்பு கேளு. இல்லாட்டி வேல இல்ல."

கேட்டுவிடு என்று டாக்டரையா கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கழித்த தலையணைக்கு இருக்கிற மரியாதை காத்தாயியின் கழுத்துக்கு இல்லையா?

"போட மாட்டேங்க தொர. திங்கக்கெழமை இவ கூடைய தூக்கலேன்னா என் பேரையும் சேர்த்து வெட்டுங்க" என்றேன். அவர் விருட்டென்று திரும்பி வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, ஆட்களைப் பேர் வாசிக்கும் பெரட்டுக்குக் காத்தாயி நடந்தே போனாள். வலி முழுதாக விடவில்லை, ஆனால் தலை இரண்டு பக்கமும் திரும்பியது. கூடையை மாட்டினாள். அவள் பேரும் நின்றது, என் பேரும் நின்றது. பிறகு செத்த தும்புத் தலையணைகளை ஒவ்வொன்றாக நான் வெளியே எறிந்தபோது டாக்டரையா பார்க்காதவர்போல இருந்தார். கினிகத்தேனைப் பக்கமிருந்து பஞ்சு வரவழைத்ததும் அவரேதான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எழும்பாத தலையணையைத் தயங்காமல் கழியுங்கள். புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய வீட்டில் எது கிடக்கிறது என்று பார்க்காதீர்கள். படுக்கப்போகிறவரின் கழுத்தைப் பாருங்கள், அது பகலெல்லாம் எதைச் சுமந்தது என்று கேளுங்கள்.

தொரை கேட்கச் சொன்ன மன்னிப்பை நான் கடைசிவரை கேட்கவில்லை. காத்தாயியிடம் மட்டும் கேட்டேன், அந்த இரண்டு நாளுக்காக.