சிலையின் இடது கை

ஆற்றங்கரைப் பூங்காவில் வெள்ள நினைவுச் சிலை திறந்த நாளிலிருந்து தையற்காரிக்குச் ‘சிலையம்மா’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஜிப் மாற்ற வருகிறவர்கள்கூட, “உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கு” என்பார்கள். சிரித்துவைப்பாள். ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பெருவெள்ளத்தின்போது படகிலிருந்து யாரோ அவளை எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செய்த சிலை அது. கழுத்தளவு நீரில் ஒரு பெண். வலது தோளில் கைக்குழந்தை. வேலைக்குப் போன தங்கை அன்று அவளிடம் விட்டிருந்த பிள்ளை. இடது கை தண்ணீருக்குள் இருந்ததால் படத்தில் தெரியவில்லை. சிற்பி அதை வானத்தை நோக்கி உயர்த்திவிட்டார். “உதவி கேக்கிற மாதிரி இருக்கும்மா, சரிதானே?” என்று அவர் கேட்டபோது தலையாட்டிவிட்டாள்.

அந்தக் குழந்தை வளர்ந்து, வேலை கிடைத்த கையோடு பெரியம்மாவைப் பூங்காவுக்கு விடாப்பிடியாக இழுத்துப்போனாள்.

“இங்க நில்லுங்க பெரியம்மா. சிலை மாதிரியே இடது கையத் தூக்குங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

கை எழவில்லை. பெரியம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தக் கை மேல இல்லடி. தண்ணிக்குள்ள தேடிக்கிட்டு இருந்துச்சு.”

“எதை?”

“உங்க அக்காவ.”

பெரியம்மாவின் ஒரே மகள், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் வெள்ளத்தில் போனாள் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

“என் கையப் பிடிச்சுக்கிட்டுதான் வந்தா. அப்ப தண்ணி இடுப்பளவுதான். மரக்கட்டை ஒண்ணு வந்து மோதுச்சு. அவ்வளவுதான்.”

பெண் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். “என்னைத் தூக்காம இருந்திருந்தா, ரெண்டு கையாலயும்...”

“வாய மூடு. நீ நடக்கத் தெரியாத பிள்ளை, தூக்கினேன். அவ நடப்பா, பிடிச்சுக்கிட்டேன். அதுல வேற கணக்கே கிடையாது. இந்த நினைப்பு உனக்கு வந்துடக் கூடாதுன்னுதான் உங்கம்மாவும் நானும் வாயே திறக்கல.”

அதன்பின் சில நாள் அவள் பெரியம்மா வீட்டுப் பக்கமே வரவில்லை. “சோறு தண்ணி இல்லாம கிடக்கா. ஏன்க்கா சொன்னே?” என்று தங்கை அழுதாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று தையற்காரியும் உள்ளுக்குள் குமைந்தாள். தைத்ததையே பிரித்துத் தைத்தாள்.

ஒரு மாலை பெண் கடைக்கே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அக்கா எப்படி இருப்பா பெரியம்மா?”

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. தையற்காரி மிஷினை நிறுத்தினாள்.

“பிடிவாதக்காரி,” என்றாள். “ரெண்டு ஜடையும் ஒரே உயரத்துல இருக்கணும். இல்லேன்னா அவிழ்த்துட்டு, திரும்பப் பின்னுன்னு வந்து நிப்பா...”

ஜடையின் உயரத்தைக் காட்ட எழுந்த இரண்டு கையும் அப்படியே நின்றன. பெண் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தாள்.