அடியிலும் வாய் உள்ள பை

தேயிலைத் தோட்டத்து லயத்தில், பத்தடிக் காம்பராவில் பிறந்தவன் நான். யட்டியாந்தோட்டை பஜாரில் சொந்தமாகத் தையல் கடை போட்டேன். மூன்று மெஷின் வாங்கினேன். ஒழுகாத வீடு கட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், என் மகள் மலரை டீச்சராக்கினேன். கடைக்குப் போர்டு எழுத வந்தவன் என் பெயரைத் தப்பாக எழுதிவிட்டுப் போனது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்; அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தேன். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் நான் செய்தது ஒரு பை. போன மாதம் அதையே எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

மலர்தான் வாங்கி வந்தாள். எங்கள் பழைய தோட்டத்தில், கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்க ஒரு கண்ணாடிக் கடை திறந்திருக்கிறார்கள். அதில் குட்டிக் குட்டியாகக் கொழுந்துப் பை தொங்குகிறதாம். உள்ளங்கை அகலம். ஒரு பிடி கொழுந்து கொள்ளாது. ஓரத்தில் இங்கிலீஷில் ஓர் அட்டை. மலர் படித்துச் சொன்னாள்:

"பெண் தொழிலாளர்களுக்காகத் தோட்ட நிர்வாகம் உருவாக்கின பைன்னு போட்டிருக்குப்பா."

நிர்வாகமாம்!

மூக்கில் வைத்துப் பார்த்தேன். கடை வாசம், வேறொன்றுமில்லை. பை என்றால் அதனதன் வாசம் இருக்க வேண்டாமா? சந்தைக்குப் போகிற, பன் புல்லில் பின்னிய பையில் கருவாடு அடிக்கும். சுருக்குப் பையில் புகையிலை. கொஞ்ச காலம் ரப்பர் மலையில் பால் வெட்டினேன். சிரட்டையில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பாலைப் பிய்த்துப் போடுகிற சாக்கு ஒன்று இருக்கும். செத்த எலி தோற்றுப்போகும். அதோடு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கூரையைக் காட்டி, "சாக்கு மேல" என்றான். அப்புறம் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, "நீயும்தான்" என்றான். அவிசாவளை வரைக்கும் கூரையில் உட்கார்ந்துதான் போனேன்.

இன்றைக்குச் சனங்கள் கையில் பிடிக்கிறதெல்லாம் ஒரு பையா? சிலி சிலி என்கிற பிளாஸ்டிக் பேக்கில் நாலு கத்தரிக்காய் போட்டால் காது அறுந்து தொங்குகிறது. அது கூடாது என்று சுப்பர் மார்க்கெட்டில் துணிப் பை விற்கிறார்கள். அந்தத் துணிப் பையை ஒரு சிலி சிலி பேக்கில் போட்டுத்தான் நீட்டுகிறார்கள்! படித்த மூளை.

எங்களுக்கு யூரியா சாக்குத்தான் எல்லாம். ஒரு மூலையை உள்ளே குத்தித் தலையில் மாட்டினால் மழைக்குக் கொங்காணி. பிரித்து விரித்தால் பாய். அந்தச் சாக்கில்தான் என் வீட்டுக்காரி பார்வதியின் வேலையைக் காப்பாற்றினேன்.

வழுக்கல் மலையில் கூடையோடு விழுந்து அவளுக்குத் தோள் இறங்கிவிட்டது. வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. கொழுந்து கிள்ளுவாள், ஆனால் நிறுக்கிற மடுவத்துக் கொட்டகையில் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்க்க முடியாது. கொஞ்ச நாள் பக்கத்துப் பெண்கள் கவிழ்த்து விட்டார்கள். கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"கூட கவுக்க ஆள் வச்சுத்தான் கொழுந்து எடுப்பியோ? நாளைக்குக் கை வராட்டி நீயும் வராத."

அன்று மாலையே சாக்கின் அடியை அறுத்தேன். இரண்டு பக்கமும் வாய், கீழ் வாயில் கயிறு. மேலே போடு, கீழே அவிழ், கொட்டும். மூன்றாம் வகுப்பு மூளைதான்.

பீற்றிக்கொள்கிறேனே, முதல் நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாக்கை அரைகுறையாகக் கழுவியிருந்தேன். மழை பெய்தது. உரம் கரைந்து பார்வதிக்கு முதுகெல்லாம் எரிச்சல். ஸ்டோரில் தூள் பக்குவம் பார்க்கிற டீ மேக்கர் கொழுந்தை முகர்ந்துவிட்டுக் கத்தினார்: "மரத்துக்குப் போட வேண்டிய ஒரத்தக் கொழுந்துக்குப் போட்டது எவன்டா?" பிறகு சாம்பல் போட்டு ஆற்றில் ஒரு வாரம் அலசினேன். அடுத்து, சாக்குக்குள் கொழுந்து புழுங்கிச் சிவந்தது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து வருகிற வெங்காயச் சாக்கின் வலையை வெட்டி இரண்டு விலாவிலும் வைத்துத் தைத்தேன். காற்று ஓடியது. அன்றைக்குப் பார்வதி தராசடியில் நின்று கயிற்றை இழுத்தாள். கொழுந்து பொலபொலவென்று இறங்கியது. கணக்கப்பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதத்தில் அந்த மலை முழுக்க நான் தைத்த பைதான். தோட்டத்துச் சின்னத் தொரை, "பார்த்துட்டுத் தர்றேன்" என்று ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல. மறு வருஷம் அதே பை நிர்வாகத்து லொறியில் வந்து இறங்கியது.

போன வாரம் கண்ணாடிக் கடைக்கே போனேன். "இதைச் செய்தது நான்" என்று சிங்களத்தில் சொன்னேன். விற்கிற பெண், "அனே சீயா!" என்று, ஐயோ தாத்தா என்கிற மாதிரி, வாயைப் பொத்திச் சிரித்தாள். மேனேஜர் பையன் மரியாதைக்காரன். கதிரை போட்டு உட்கார வைத்தான், தேத்தண்ணி கொடுத்தான்.

"அந்தக் காலத்துப் பதிவு ஒண்ணும் இல்லையே ஐயா."

நான் அந்தக் குட்டிப் பையைத் தலைகீழாகப் பிடித்து அடிக் கயிற்றை இழுத்தேன். வரவில்லை. அடி வாயை மூடித் தைத்து, அதன் மேலே கயிற்றை ஒட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, இது தொறக்காதே?"

"அது சும்மா டிசைனுக்கு ஐயா."

பதிவு கேட்கிறான். எங்கே போய் எடுக்க? அந்த மலை இப்போது காடு. மடுவத்தின் தகரத்தைக் கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கணக்கப்பிள்ளை இந்தியாவுக்குப் போனவர்தான். என் பையை மாட்டிய பெண்களில் மிச்சம் இருப்பது பார்வதி மட்டும். அவளிடம் வந்து பொருமினேன்.

"ஒரு சாக்க அறுத்ததுக்குச் சிலை வைக்கச் சொல்றீங்களா?" என்றாள். பிறகு, "ஏங்க, இழுத்தா அவுர்ற முடிச்சு நான் போட்டது. உங்க முடிச்ச அவுக்கப் பல்லு வேணும். அதையும் சொன்னீங்களா?" என்றாள்.

சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். முடிச்சு பார்வதியுடையது. அறுத்தது, அலசியது, வலை வைத்தது, தைத்தது எல்லாம் நான். அட்டையில் நிர்வாகத்தை அடித்துவிட்டு இப்படியே எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள்.