கப்பலுக்கு வந்த திராட்சை ரசம்

செல்வதுரைக்கு என்ன வேலை என்று நாசரேத்தில் யாராவது கேட்டால், ஜெபசுதா "கப்பல்ல செக்யூரிட்டி" என்பாள். கேட்டவர்கள் துப்பாக்கியையும் கடற்கொள்ளைக்காரர்களையும் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள். உண்மையில், அந்தச் சொகுசுக் கப்பலின் ஏணிவாசலில் நின்று, ஏறி வருகிறவர்களின் பைகளிலிருந்து பாட்டில்களை வாங்கி வைப்பதுதான் அவர் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

கப்பலின் சட்டம் லேசானது. பயணம் தொடங்குகிற அன்று ஆளுக்கு ஒரு வைன் பாட்டில் கொண்டுவரலாம். கடையில் வாங்கியதாக, சீல் உடைக்காததாக இருக்க வேண்டும். வழியில் ஊர் ஊராக இறங்கி வாங்கி வருவதையெல்லாம் வாசலிலேயே வாங்கி, சீட்டுக் கட்டி, ஸ்டோர் அறையில் பூட்டி வைப்பார்கள். ஒரேயடியாகக் கப்பலை விட்டு இறங்குகிற நாளில்தான் திரும்பக் கிடைக்கும். உள்ளே பாரில் ஒரு கிளாஸுக்குக் கேட்கிற விலைக்கு வெளியே ஒரு முழு பாட்டிலே வாங்கிவிடலாம். அவ்வளவுதான் அந்தச் சட்டத்தின் வேதாந்தம்.

ஜனங்கள் விடுவார்களா? ஷாம்பு டப்பாவில் வோட்கா வரும். வாய் கொப்பளிக்கும் மருந்துப் புட்டியில் ஜின் வரும். ஒருமுறை வெள்ளைக்காரப் பெரியம்மா ஒருத்தி வேதாகமம் போலவே செய்த பெட்டிக்குள் பிராந்தி கொண்டுவந்தாள். செல்வதுரை சபையில் ஊழியம் செய்த உபதேசியாரின் மகன். திருவிருந்து தவிர வேறெங்கும் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மதுவைத் தொடாத மனுஷனுக்கு ஆண்டவர் இப்படியொரு உத்தியோகத்தைக் கொடுத்ததில் ஏதோ குசும்பு இருக்கிறது என்று அவரே சில நேரம் நினைத்துக்கொள்வார்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அவருக்குப் புளித்துப்போனது "சாரி சார், சாரி மேடம்" என்ற வார்த்தை. முட்டி வலித்தது. தூங்கி எழுந்தாலும் களைப்பு போகவில்லை. எந்த ஊர்த் துறைமுகம் என்று பார்ப்பதைக்கூட எப்போதோ நிறுத்திவிட்டார். இரும்பு ஏணி, ஸ்கேனர், மேஜை. எல்லா ஊரும் அவருக்கு அதுதான்.

அப்படிப்பட்ட கப்பல் டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் தூத்துக்குடிக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. விடிந்ததும் பயணிகள் மணப்பாட்டுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். உப்பளக் காற்று முகத்தில் பட்டதும் செல்வதுரை வாசலில் வந்து நின்று கரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய மேலாள் ரமோன் வந்து நின்றான். பிலிப்பைன்ஸ்காரன், நல்லவன்.

"உங்களுக்குப் பதிலாக வர வேண்டிய ஆளுக்கு உடம்பு சரியில்லையாம். கொழும்பில் நீங்கள் இறங்க வேண்டாம். ஜனவரி முடியும்வரை இருந்துவிடுகிறீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

செல்வதுரை தலையை ஆட்டிவிட்டார். ஆசையால் இல்லை, பணத்துக்காகவும் இல்லை. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பான், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. களைத்துப்போன மனுஷன் எப்போதும் சரி என்றுதான் சொல்லுவான்.

நாசரேத்தில் அவர் வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. நவம்பரில் ஜெபசுதா பன்னீர்த் திராட்சையைக் கழுவி, உலர்த்தி, பிசைந்து, சீனியும் கோதுமையும் கிராம்பும் ஏலக்காயும் போட்டு, பீங்கான் பரணியில் ஊறவைத்து அதன் வாயைத் துணியால் கட்டிவிடுவாள். அதை வைன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. "ரசம்" என்றுதான் சொல்ல வேண்டும், உபதேசியார் வீடல்லவா. கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டு ஆம்பிளை கட்டை அவிழ்த்து, முதல் டம்ளரை அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஊற்றிக் கொடுப்பான். வருஷம் முழுக்க அடுப்படியில் நின்றவளுக்கு அன்று ஒருநாள் அவன் பரிமாறுகிறான் என்று கணக்கு. அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு.

கல்யாணமான புதிதில் செல்வதுரை ஊற்றியிருக்கிறார். கப்பலுக்குப் போன பிறகு, ஜெபசுதாவின் அண்ணன் தேவபிரசாதம் சாத்தான்குளத்திலிருந்து பைக்கில் வந்து ஊற்றிவிட்டுப் போவார். இந்த ஜூன் மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகள் ஜெப்ஸி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். "கிறிஸ்மஸுக்கு நான் வந்திருதேன்" என்று செல்வதுரை போனில் சொல்லியிருந்தார். போன வருஷமும் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும் சொன்னார்.

மத்தியானம் ஜெபசுதா வந்தாள். கப்பல் ஊழியர்களின் குடும்பத்தினர் வந்து பார்த்துவிட்டுப் போக கேப்டன் அனுமதி கொடுத்திருந்தார். துறைமுக வாசலில் ஆதாரைக் காட்டி, பாஸ் வாங்கி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பட்டுச்சேலையில் ஏணியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. இளைத்திருந்தாள். பையை ஸ்கேனரில் வைத்தாள். திரையில் முதலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு பாட்டில்.

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். இருபது வருஷத்துப் பழக்கம்; பெண்டாட்டியிடம் பேசுகிற குரலே வரவில்லை.

"நம்ம ரசந்தான். நீங்க சொன்ன மாதிரியே சீல் வச்சிக் கொண்டாந்திருக்கேன்."

சீல் வைத்திருந்தால் விட்டுவிடுவோம் என்று என்றைக்கோ போனில், அரைத் தூக்கத்தில், பயணிகளைப் பற்றிச் சொன்னதை இவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் பாட்டிலை வெளியே எடுத்தார். எப்போதோ கப்பலிலிருந்து அழகாக இருக்கிறதே என்று அவர் கொண்டுபோன காலி பாட்டில்தான் அது. அடுப்படி ஜன்னலில் அதில் மணிபிளான்ட் வளர்த்துக்கொண்டிருந்தாள். செடியைப் பிடுங்கிவிட்டு, தேய்த்துக் கழுவி, ரசத்தை வடிகட்டி ஊற்றி, தக்கையைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கிச் சுற்றி ஊற்றியிருந்தாள். கடைச் சீல் தோற்றுப்போகும்.

"பரணிக் கட்டை இப்பவே அவுத்துட்டியா?"

"உங்களுக்காகத்தான் கொஞ்சம் மொண்டேன். மறுபடி கட்டி வச்சாச்சு."

"ஏளா, இதெல்லாம் பயணம் வாரவங்களுக்கு. பாக்க வாரவங்க கொண்டாரக் கூடாது. அதும் வீட்டுல போட்டது ஆகவே ஆகாது."

"ஒரே ஒரு டம்ளர். உங்க கையால ஊத்திக் குடுங்க. குடிச்சிட்டுப் பேசாம போயிருதேன்."

பின்னால் ரமோன் நின்றுகொண்டிருந்தான். வரிசையில் மணப்பாட்டிலிருந்து திரும்பிய பயணிகள். அவர்களில் ஒருவரிடம் நேற்றுத்தான் இவர் கறாராகப் பேசி ஒரு பாட்டிலைப் பிடுங்கியிருந்தார். அந்த ஆள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்கிற கதைதான். கேப்டன் இவர் பெண்டாட்டியை உள்ளே விட்டுவிட்டார். புருஷன் பாட்டிலை விடவில்லை. சீட்டுக் கட்டினார். "போறப்ப தந்திருவோம்" என்றார்.

ஜெபசுதா சண்டை போடவில்லை. "என் கையில இருந்தும் வாங்கிட்டியளா" என்று மட்டும் சொன்னாள். அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பாட்டிலை ஸ்டோருக்கு அனுப்பினார்.

அரைமணி நேரம் லீவு வாங்கிக்கொண்டு, ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் அவளை உட்காரவைத்தார். மெஷினில் பேப்பர் கப்பில் டீ பிடித்து வந்து கொடுத்தார். கழுவின தண்ணி மாதிரி இருந்தது. அவள் மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தாள். ஜெப்ஸியைப் பற்றிப் பேசினார்கள். கிணற்று மோட்டார் ரிப்பேரானதைப் பற்றிப் பேசினார்கள். ஜனவரி விஷயத்தை அவர் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"சுதா, ஜனவரி வரைக்கும் இருக்கச் சொல்லுதான். காலையில சரின்னுட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"என்னைக்கு நீங்க மாட்டேன்னு சொல்லிருக்கிய? அது தெரிஞ்சதாலதான் பரணியை அவுத்துக் கொண்டாந்தேன். நீங்க வருவியன்னா நான் எதுக்கு இந்த வெயில்ல பஸ்ஸுல தூக்கிட்டு வாரேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் பேசத் தெரியும். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். ஏணியேறி வந்த களைப்பில்லை அது. தன் களைப்பு மட்டும்தான் பெரிது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு, எதிரே இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் இறங்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவளை ஏணிவாசலில் நிற்க வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்துவர ஸ்டோருக்குப் போனார். கதவைத் திறக்கும்போதே கிராம்பு வாசனை வந்தது. கட்டை முன்கூட்டியே அவிழ்த்ததில் ரசம் இன்னும் அடங்கவில்லை. பஸ்ஸில் குலுங்கி, வெயிலில் வெந்து, சுத்தியலால் அடித்த தக்கைக்குள் கிடந்து புழுங்கியிருக்கிறது. ஸ்டோர் சூட்டில் தக்கையைப் பிய்த்துக்கொண்டு அடித்து, பாட்டில் உருண்டு தரையில் விழுந்து நொறுங்கியிருந்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்த உசத்தியான பாட்டில்களின் லேபிளெல்லாம் ஊதா நிறம்.

செல்வதுரை முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து கண்ணாடியைப் பொறுக்கினார். துணியால் தரையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் காலை அந்த இரும்பு அறையில் மணத்தது. அழ வேண்டும் போலிருந்தது. அழுதார்.

வெறுங்கையோடு ஏணிவாசலுக்கு வந்தார்.

"பொங்கிட்டு, சுதா. பாட்டில் உடைஞ்சிட்டு."

ஜெபசுதா அவர் கையைப் பிடித்துத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவள் யோசிக்கவில்லை.

"ஏலக்கா கொஞ்சம் கூடிட்டு" என்றாள். பிறகு கையை விட்டாள். "பரணி நெறய இருக்கு. ஊத்தித் தாரதுக்குத்தான் ஆள் இல்ல. வாரேன்."

பையில் அந்த இரண்டு டம்ளரும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தத்தோடு இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று நின்று இறங்கினாள். கீழே போனதும் திரும்பிப் பார்க்காமல், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு துறைமுக பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

செல்வதுரை ரமோனிடம் போனார்.

"கொழும்பில் நான் இறங்கிக்கொள்கிறேன்."

"காலையில் சரி என்றீர்களே?"

"சரி என்றேன். இப்போது முடியாது என்கிறேன்."

ரமோன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"

"ஒரு பரணியைத் திறக்க வேண்டும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பாத்திரத்தைத் திறக்கவா இங்கிருந்து ஒரு ஆள் போக வேண்டும்?

"அதைத் திறக்க வேறு ஆள் இல்லையா?" என்று கேட்டான்.

"ஒருவர் இருந்தார்," என்றார் செல்வதுரை. "இப்போது நான்தான்."