இடது கைப் பக்கத்து எழுத்துகள்

2006-ஆ 2007-ஆ என்று இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. சிட்லபாக்கத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்தோம். கணவருக்குக் கேளம்பாக்கம் பக்கம் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். மகள் எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததும் நான் வேலையை விட்டிருந்தேன். அதற்கு முன் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் தொழில். அப்படியென்றால் என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "மிக்சி வாங்கினா கூடவே ஒரு புக் வருமே, யாரும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்களே, அதை எழுதறவ" என்பேன்.

சும்மா இருந்தால் கை துருப்பிடித்துவிடுமே என்று ஓர் இலவச மென்பொருள் குழுவில் சேர்ந்தேன். சின்ன நூலகங்கள் புத்தகக் கணக்கு வைக்க உதவும் மென்பொருள் அது. பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது, எல்லாம் மெயிலில்தான். எல்லாருக்கும் பொதுவான நிரலில் ஆளாளுக்குக் கை வைத்தால் உருப்படாது அல்லவா? அதனால் திருத்த விரும்புகிறவர் தன் திருத்தத்தை மட்டும் தனியே எடுத்து அனுப்ப வேண்டும். அதற்குப் பேட்ச் என்று பெயர், கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டுத்துணி மாதிரி. வருகிற பேட்சுகளைப் படித்துப் பார்த்து, நல்லதைச் சேர்த்து, மற்றதைத் திருப்பி அனுப்ப ஒருவர் இருப்பார். அவரை மெயின்டெய்னர் என்பார்கள். எங்கள் மெயின்டெய்னர் இந்த வேலைக்கென்று தானே ஒரு டூல் எழுதி வைத்திருந்தார். அவருக்கு உதவி செய்கிறவர்களும் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

குழுவில் பாதிப் பேருக்கு அந்த டூலைக் கண்டாலே ஆகாது. கட்டளைகள் எல்லாம் ஒற்றை எழுத்து. பேட்சைச் சேர்க்க இசட், திருப்பி அனுப்ப டபிள்யூ, வரிசையில் முன்னால் தள்ள எஃப். எதற்கு ஏன் அந்த எழுத்து என்பதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. போதாததற்கு என்டர் தட்டவே வேண்டாம். எழுத்தின்மேல் விரல் பட்டாலே காரியம் முடிந்துவிடும். அப்படி உதவிக்கு இருந்த ஒருவரின் கை தவறிப் பட்டு, இன்னொருவர் பாடுபட்டு எழுதியதெல்லாம் திரும்பிப் போய்விட்டது. உடனே, இந்த ஆள் தனக்காக மட்டும் டூல் எழுதிக்கொண்டிருக்கிறார், டூலையும் மாற்றுவோம், ஆளையும் மாற்றுவோம் என்று ஒரு கட்சி கிளம்பியது. கட்டளைகளையாவது மாற்றலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார். திமிர் பிடித்த ஆள் என்றுதான் நானும் நினைத்தேன். கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. டூலுக்கு ஒழுங்கான கையேடு ஒன்று வரட்டும், அப்புறமும் புரியவில்லை என்றால் இரண்டையும் மாற்றிவிடலாம். கையேடு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. காரணமில்லாத ஒன்றை எப்படி விளக்குவது? ஒவ்வொரு கட்டளைக்கும் யாருக்கும் புரியும்படி ஒரு முழு வார்த்தையைப் பெயராக யோசித்து, ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டேன். போனில் பேசலாமா என்று மெயின்டெய்னருக்கு மெயில் போட்டபோதுதான் அவர் சேலையூரில் இருப்பது தெரிந்தது. என் ஸ்கூட்டியில் பத்து நிமிஷத்தில் போய்விடலாம்.

ஒரு காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனேன். முந்தின நாள் மழையில் கேம்ப் ரோடு குளமாகிக் கிடந்தது. கதவைத் திறந்த பெண்மணி அவருடைய அக்கா. "தம்பியப் பாக்கவா வந்தீங்க?" என்று நம்பாதவர்போல் இன்னொரு தரம் கேட்டார். முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. எழுந்திருக்கவில்லை. இடது கையை நீட்டி நாற்காலியைக் காட்டினார். நான் நீட்டிய தாளையும் இடது கையாலேயே வாங்கினார். எனக்குச் சுருக்கென்றது. வீடு தேடி வந்த பெண்ணிடம் இடது கையால் வாங்குகிற மனுஷனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தாளைப் பொறுமையாகப் படித்தார். "நல்லா யோசிச்சிருக்கீங்க மேடம். ஆனா மாத்த முடியாது" என்றார்.

"ஏன்னு சொன்னா எழுதறதுக்கு வசதியா இருக்கும் சார்" என்றேன். குரலில் காரம் ஏறிவிட்டது.

அவர் இப்படிப் பாருங்கள் என்று டூலைத் திறந்து காட்டினார். வந்து கிடந்த பேட்சுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். இடது கை மட்டும் விறுவிறுவென்று ஓடியது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுக் கீபோர்டைப் பார்த்தேன். இடது பாதியில் எழுத்துகளே இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தது. வலது பாதி கடையில் வாங்கி வந்த அன்று இருந்தமாதிரி அப்படியே, மேலே தூசியோடு. என்டர் சாவியிலும் தூசி. அவருடைய வலது கை மடியில் கிடந்தது, வேறு யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனமாதிரி.

விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று கூரைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. அது அடங்கியதும் அவரே சொன்னார்.

தசையெல்லாம் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய். வலது கையில் தொடங்கியிருந்தது. மற்றதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவரே விட்டுவிட்டார்.

"இதைச் சொல்லியிருந்தா ஒருத்தராவது உங்களத் திட்டியிருப்பாங்களா சார்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் மேடம் சொல்லல" என்றார். "இந்த வீட்ல யாரும் என்னைத் திட்டறதே இல்ல. சட்னில உப்பு இல்லன்னு நான் கத்தினாக்கூட அக்கா சிரிக்கிறாங்க. குழுவோட மெயில் லிஸ்ட்ல மட்டும்தான் மனுஷன மாதிரி திட்டறாங்க. தயவுசெஞ்சு எழுதிடாதீங்க."

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பின் வாரத்தில் இரண்டு மூன்று காலை அங்கேதான். அவர் சொல்லச் சொல்ல என் பழைய லேப்டாப்பில் தட்டுவேன். மற்றபடி அவர் ஒன்றும் சாதுவான ஆள் இல்லை. நான் ஒரு வாக்கியத்தை நீட்டினால், "இது என்ன மேடம், கல்யாணப் பத்திரிகையா?" என்பார். நானும் விட மாட்டேன். உங்கள் டூலை நாலு பேர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டாமா என்று சண்டை போடுவேன். நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். காரணத்தைச் சொல்லாமல் அந்த எழுத்துகளை எப்படி விளக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இப்படி எழுதினேன்: கட்டளைகள் எல்லாம் கீபோர்டின் ஒரே பக்கத்தில் இருக்கும், பழகிவிட்டால் வேகம் வரும். அதில் பொய் எதுவும் இல்லை.

கையேட்டைப் படித்த பிறகு குழுவில் சத்தம் அடங்கியது. திட்டியவர்களில் சிலர் அந்த டூலைப் பயன்படுத்தவும் ஆரம்பித்தார்கள். அவரை மாற்றும் பேச்சும் நின்றது. அன்றைக்கு அக்கா எனக்குக் கேசரி கொடுத்தார். தம்பி சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டாம் என்று அவருடைய தட்டை உள்ளே கொண்டுபோனார்.

ஓர் அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது. 'மெயின்டெய்னர் மாறும்போது' என்று தலைப்பு வைத்திருந்தேன். இதுமாதிரிக் கையேடுகளில் அது கட்டாயம் இருக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம், "அது கடைசியில பாத்துக்கலாம்" என்பார். அதற்குள் அந்த இடது கையின் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் சுண்டு விரல் எழும்பவில்லை. அந்த விரல் தொட வேண்டிய இசட்டை விட்டுவிட்டு, பேட்சைச் சேர்ப்பதை வேறோர் எழுத்துக்கு மாற்றினார். ஏன் மாற்றினீர்கள் என்று குழுவில் மறுபடியும் வசவு. "சூப்பரா திட்டியிருக்கான் பாருங்க" என்று எனக்கே படித்துக் காட்டினார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஒரு நாள் அக்காதான் போன் செய்தார். அவன் ஏதோ சொல்லணுமாம், வர முடியுமா என்றார். போனபோது கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடியிருந்தது. அவர் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தார். "எழுதிக்கோங்க மேடம்" என்றார். டூலில் ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் ஒரே வரி, மெயின்டெய்னரின் பெயர். அதை அழித்துவிட்டுப் புதியவர் பெயரைப் போட வேண்டும். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான் மேடம்."

நேரமில்லாததால் விலகுகிறேன் என்று அவர் பெயரில் குழுவுக்கு நான்தான் தட்டினேன். அமெரிக்காவில் பெரிய வேலை கிடைத்திருக்கும், அதிர்ஷ்டக்காரர் என்று ஒருவர் பதில் போட்டார்.

புதிதாக வந்தவர் வேறு ஊர்க்காரர், நல்ல மனிதர். வந்ததும் முதல் காரியமாக ஒரு பேட்ச் அனுப்பினார். ஒற்றை எழுத்துகள் போய், எல்லாவற்றுக்கும் முழு வார்த்தைகள். என்டர் தட்டினால்தான் வேலை நடக்கும். ஏறக்குறைய அன்று நான் தாளில் கொண்டுபோன அதே பெயர்கள். அப்பாடா, இப்போதாவது விமோசனம் வந்ததே என்று குழுவே மகிழ்ந்தது. கையேடும் அதற்கேற்ப மாற வேண்டும். அது என் பொறுப்பில் இருந்ததால், நான் ஏற்றுக்கொண்டால்தான் பேட்ச் உள்ளே போகும். எனக்கு மனம் வரவில்லை. நாட்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். புதியவர் நாகரிகமாக நினைவூட்டிப் பார்த்தார். கடைசியில் சேலையூருக்கே போய் அதைப் படித்துக் காட்டினேன்.

அவருக்கு அப்போது குரலும் மங்கிவிட்டது. காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். "நல்லா பண்ணியிருக்காரு. ஏத்துக்கோங்க" என்றார். நான் தயங்குவதைப் பார்த்து, "பத்து விரல் இருக்கறவங்களுக்கு இதுதான் சரி மேடம். இங்கயே பண்ணுங்க, நானும் பாக்கறேன்" என்றார்.

அக்கா துணியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். கட்டிலிலிருந்து தெரியும்படி திரையைத் திருப்பிவைத்தார். என் கணக்கில் உள்ளே போய்ப் பேட்சைத் திறந்தேன். அதுவரை பழைய டூல்தான். ஏற்றுக்கொள்ள ஓர் எழுத்து போதும், அந்த எழுத்துக்கும் அதுவே கடைசி வேலை. தேய்ந்துபோன அந்தச் சாவியில் இடது கை விரலை வைத்தேன். பட்டதுதான் தெரியும், காரியம் முடிந்துவிட்டது. என்டர் என்று ஒன்று இருந்திருந்தால் அதற்கு முன் கொஞ்சம் அழுதிருப்பேன்.

அவர் அடுத்த ஆடியைத் தாண்டவில்லை. குழுவில் யாருக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை. எப்போதாவது பேச்சு வந்தால், பழைய ஆள் ஒருத்தர் இருந்தாரே, என்ன டூல்ப்பா அது என்று இன்றும் யாராவது எழுதுவார்கள். படித்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவேன்.

பிறகு நான் வேலைக்குத் திரும்பி, எத்தனையோ பேர் எழுதிய கோணல்மாணலான டூல்களுக்கெல்லாம் கையேடு எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது புரியாமல் போகும்போது, இதை எழுதியவருக்குக் கை எப்படி இருந்ததோ என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்கிறேன், அப்புறம் அவரைக் கூப்பிட்டு ஒழுங்காகத் திட்டுகிறேன், ஏனென்றால் அந்தத் திட்டு ஒன்றுதான் தன்னை மனுஷனாக வைத்திருக்கிறது என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.