மாஸ்டருக்குச் சர்க்கரை வராது

என் தம்பியை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஜிம் நடத்துகிறான். சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு அவன்தான் தெரிய வேண்டும். தலைக்கனம் பிறவியிலேயே உண்டு. தசை பிறகுதான் வந்தது.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் அவனுக்குக் கொண்டாட்டம். எடை குறைக்க வருகிறவர்களிடம், "எங்க அக்காவைப் பாருங்க. வாயைக் கட்டத் தெரியாம வியாதியை வாங்கிட்டா" என்பான். ஒருநாள் வீட்டுச் சாவி கொடுக்கப் போன என்னை நிற்கவைத்தே சொன்னான். அத்தனை பேரும் சிரித்தார்கள். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. 'உன் தப்பில்லைக்கா' என்று அவன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஆள் திடீரென்று இளைத்தான். கன்னம் ஒட்டி, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. அவனுக்கோ தலைகால் புரியவில்லை. சட்டையைக் கழற்றிப் படமெடுத்து, 'மாஸ்டரைப் போல் ஆகலாம்' என்று ஜிம் வாசலில் ஆளுயரத்துக்கு ஒட்டிவிட்டான். அதைப் பார்த்து ஆள் சேர்ந்தது வேறு.

அப்போது ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை பாத்ரூமுக்கு ஓடினான். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"சர்க்கரை பார்க்கிற என் மெஷின் இங்கதான் இருக்கு. ஒரு சொட்டு ரத்தம் குடுடா."

"பொறாமையா? எனக்குச் சர்க்கரை வந்தா அந்த வியாதிக்கே அவமானம்க்கா."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். எக்கேடும் கெட்டுப் போ என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே கண்ணாடி முன்னால் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், இத்தனை நாள் எப்படித்தான் நடமாடினாரோ என்றார். கண் விழித்ததும் அவனிடம் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

"யாருக்கும் இல்ல" என்றான், தலைமாட்டில் நான் நிற்கும்போதே.

"கூடப்பொறந்த எனக்கு இருக்கு டாக்டர்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்கள் இருக்கு. அதுக்கான மரபணுவுல சின்னச் சின்ன மாற்றங்கள் அப்பா அம்மாகிட்டயிருந்து வரலாம். சிலருக்கு அதனால அந்தச் செல்கள் போதுமான இன்சுலின் சுரக்காது. கட்டாயம் வரும்னு இல்ல, ஆனா ஆபத்து அதிகம். ஒல்லியா இருந்தாலும் வரும். உங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான் இருக்கும்னு தோணுது. நீங்க பண்ண எக்சர்சைஸ் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருக்கும்."

"அப்ப இது என் தப்பில்லையே டாக்டர்?"

"இல்லவே இல்ல."

"அப்பாடா" என்று தலையணையில் சாய்ந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்கில் என் மானத்தை வாங்கியவனுக்கு ஒரே நிமிஷத்தில் மன்னிப்பா?

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். என்னைப் பார்த்து, அவன் காதுல விழுற மாதிரி."

டாக்டர் சொன்னார். மாஸ்டருக்கு அதற்குள் தூக்கம் வந்துவிட்டதாம். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.