ஒருவழிக் கடல்

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமைக்கிறேன். போன மார்கழியில் வயதான தம்பதி ஒன்று வந்து தங்கியது. கணவர் ஜெர்மனி, மனைவி பிரான்சு. இருவரின் அப்பாக்களும் உலகப் போரில் எதிரெதிர்ப் படைகளில் இருந்தவர்கள். அவர்கள் ஊரில் காலையில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய் ரொட்டி வாங்கி வருவார்களாம். பாலத்தில் இருந்த சோதனைச் சாவடி இப்போது ஐஸ்கிரீம் கடையாம். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது.

சண்டை போட்ட நாடுகளுக்கு அதெப்படி முடிந்தது என்று கேட்டேன். அந்த அம்மா தோசையை ஆறவிட்டுவிட்டுச் சொன்னார். பீரங்கி செய்ய இரும்பு வேண்டும், இரும்பை உருக்க நிலக்கரி வேண்டும். போர் முடிந்த சில வருடங்களில் இரண்டு நாடுகளும் அந்த இரண்டையும் பொது நிர்வாகத்தில் வைத்தன. அதன்பின் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் ஆயுதம் செய்ய முடியாது. அக்கம்பக்கத்து நாடுகளும் சேர்ந்துகொண்டன. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியதாம். இங்கேயும் இலங்கைக்கும் நமக்கும் பொதுவாக ஒரு கடல் கிடக்கிறது. அதில் மீனுக்காக ஒருவர் படகை ஒருவர் சிறைபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இந்த மாவட்டத்து இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். அம்மா மன்னாரிலிருந்து படகில் வந்தவள். அவள் தங்கை அங்கேயே நின்றுவிட்டாள். சித்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, அக்காவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று போனில் அழுதாள். அம்மா போகலாம், யாரும் தடுக்கவில்லை. அகதி போனால் திரும்பி வர விடமாட்டார்கள், அவ்வளவுதான். நானும் என் பிள்ளைகளும் இங்கே. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் என்னிடம் கிடையாது.

விடுதியில் அந்தக் கதையைக் கேட்ட அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாகத்தான் முகாமுக்குப் போனேன். அம்மாவிடம் நிலக்கரிக் கதையைச் சொன்னேன்.

"முதல்ல ஆரடி போய்க் கேட்டது? தோத்தவனோ?"

"இல்லம்மா, ஜெயிச்சவங்கதான் கேட்டாங்களாம்."

"வென்றவன் வந்து கேட்டவனோ? விசர்க் கதை கதைக்காத" என்று சோற்றைப் போட்டாள்.

தை மாதம் சித்தி செத்துப்போனாள். வாட்ஸ்அப்பில் அடக்கத்தைப் பார்த்தோம். சவப்பெட்டியை மூடும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அம்மா போனைக் கீழே வைக்கவில்லை. தோளைத் தொட்டேன், என் கையை எடுத்துவிட்டாள்.

"நீ இல்லையெண்டா நான் போயிருப்பன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். யோசித்துத்தான் சொன்னாள்.